பேட்டரிப் பெட்டிக்கு மண்

எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் பின்னால் போய் நின்றுகொள்கிறவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒரு மரப்பெட்டி மட்டும் அடிக்கடி நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பழைய பலகையில் அடித்த பெட்டி. பாதிக்கு பேட்டரி, பாதிக்கு மண். அந்த மண்ணில் ஒரு மல்லாட்டைச் செடி, எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். என் அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிட்டவர், தன் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய பெட்டி அது.

மாமாவுக்குச் சொந்த ஊர் காணை. அவரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்தபோது, எனக்கு மண்ணு வேண்டாம், வண்டியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பட்டாளத்து ஏலத்தில் அவருடைய அப்பா எடுத்த வண்டி. நிலத்தை வேண்டாம் என்று சொன்னதை அண்ணன் தன்னை வேண்டாம் என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. மாமா எங்கள் ஊரான கிளியனூருக்கே வந்து குடியிருந்தார். திண்டிவனம் மண்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றினோம். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. வண்டியைத் தள்ளுவதும் என் வேலை.

தள்ளுவதுதான் பெரிய வேலை. எஞ்சினை ஒட்டியே பேட்டரி உட்கார்ந்திருந்தது. சித்திரை, வைகாசியில் எஞ்சின் சூட்டில் அதன் தண்ணீர் வற்றிவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சினைக் கிளப்பிவிடுகிற செல்ஃப் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுவிடும். கைப்பிடி போட்டுச் சுற்றுகிற வழியும் எப்போதோ நசுங்கிப் போயிருந்தது. மண்டியில் எங்களைப் பார்த்தாலே, "இன்னா தள்ளுவண்டிக்காரரே, கடலை வறுத்துக்கினு வந்தியா?" என்பார்கள். ஒருமுறை மயிலம் கோயிலுக்குப் போன இடத்தில் அக்கா பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு அக்கா, "இது தானா கெளம்புற அன்னிக்குக் கூப்புடு, வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் அந்த வண்டியில் ஏறவே இல்லை.

இப்படி இருக்கும்போது மாமாவின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் என்று காணையிலிருந்து அழைப்புப் பாக்கு வந்தது. அண்ணன் நேரில் வரவில்லை, ஆள் விட்டிருந்தார். மாமா அந்தப் பாக்கை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். போவதென்றால் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்த வண்டியில்தான் போக வேண்டும். திரும்பும்போது அண்ணன் வாசலிலிருந்து யாரும் தள்ளாமல் கிளம்ப வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

திண்டிவனத்தில் மெக்கானிக் ஒருவர் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறப்போகிற அவசரத்தில் வழி சொன்னார். "பேட்டரிய எஞ்சின்கிட்டேர்ந்து தூக்கிடு. பின்னால ஒரு பொட்டி அடிச்சி வையி. ஒரு தடி ஒயரு செல்ஃபுக்கு. இன்னொண்ணு எர்த். எர்த்து நல்லா குடுக்கணும், அதுலதான் இருக்குது எல்லாம்." பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மாமா எர்த், எர்த் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்த அக்கா, "இதுக்கா இம்மாம் பேஜாரு? எர்த்னா பூமி. மண்ணு. எங்க டீச்சரம்மா உருண்டைய சுத்திக் காட்டி சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள். மாமா முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியாடா உங்கக்காவ!" என்று என்னிடம் சொன்னார்.

பெட்டி அடித்தோம். பெட்டி நகராமல் இருக்க அதன் அடிப்பலகை வழியாக வண்டியின் இரும்புத் தளத்தில் ஒரு தடித்த போல்ட் போட்டு முறுக்கினோம். ஏரி மண்ணை அக்காவே சலித்துக் கொடுத்தாள். பாகம் பிரித்தபோது கழித்துப் போட்ட தேய்ந்த ஏர்க்கொழு ஒன்றை, கலப்பை நுனியில் மாட்டுகிற இரும்பு அது, மாமா கொண்டுவந்திருந்தார். அதை மண்ணில் புதைத்து, எர்த் ஒயரை அதில் கட்டினார். குலுங்கி விழாமல் இருக்கக் கொழுவை அந்தப் போல்ட்டோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கினார். அந்தக் கட்டுதான் காரியம் செய்தது, போல்ட் வழியாக வண்டியின் உடம்புக்கு இணைப்புக் கிடைத்தது, மண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு மண்தான் எர்த். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே உதறலில் கிளம்பியது. மாமா இறங்கி வந்து பெட்டி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கும்போதெல்லாம் மண்ணுக்கும் ஒரு சொம்பு ஊற்றுவார். மூட்டையிலிருந்து சிந்திய கொட்டை ஒன்று அதில் முளைத்தது. பிடுங்க விடவில்லை.

கல்யாணத்துக்கு அக்கா முன்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் பெட்டிக்குப் பக்கத்தில். விழுப்புரத்தில் பூ வாங்க நிறுத்தினோம். மாமா வேண்டுமென்றே எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினார். அக்கா சிரித்துக்கொண்டே வெளியே பார்த்தாள்.

காணையில் அண்ணன் "வாங்க" என்று பொதுவாகச் சொன்னாரே தவிர மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, நாங்கள் புறப்படும் நேரத்தில் பலகாரக் கூடையை வைக்க ஆட்கள் வண்டிக்கு வந்தார்கள். அண்ணனும் வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"இன்னாடா இது? மண்ணு வேணாம்னு வண்டிய வாங்கிக்கினு போனவன், இப்ப வண்டியில மண்ண ஏத்திக்கினு சுத்துறான். வெள்ளாம வேற!"

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் அதோடு நிற்கவில்லை. செடிக்கு அடியில் தெரிந்த இரும்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கம்பி அறுந்தது, மண் தளமெல்லாம் சிதறியது. "இது எங்கூட்டுக் கொழுவாச்சே" என்றார்.

மாமா ஏறிச் சாவியைத் திருப்பினார். முனகல்கூட வரவில்லை. "தள்ளுங்கடா!" என்று யாரோ கத்த, இளவட்டங்கள் நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அக்கா முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா இறங்கினார். தள்ள வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நேராக அண்ணனிடம் போனார்.

"ண்ணே, கொழுவ குடு. அது இல்லாம கெளம்பாது. மண்ணு கொட்டிப்போச்சு. உன் நெலத்துலேர்ந்து ஒரு கூடை மண்ணும் குடு."

பாகம் பிரித்த நாளிலிருந்து அவர் அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். சிரிப்பு நின்றுபோனது. அண்ணன் கொழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மாமா கையில் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த புதுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மண்வெட்டியும் கூடையும் எடுத்து, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் பாய்ந்திருந்த கழனிக்குத் தானே போனார். ஒருவர் கூடையை வாங்கப் போனார், அண்ணன் கொடுக்கவில்லை. சேறு ஒழுகத் தலையில் வைத்துக்கொண்டு வந்து பெட்டியில் கொட்டினார்.

"போதுமாடா?"

"இன்னும் கொஞ்சம் அமுக்கு ண்ணே."

அண்ணன் இரண்டு கையாலும் அமுக்கினார். மாமா கொழுவை நிறுத்திப் புதுக் கம்பி போட்டு முறுக்கினார். மிதிபட்டுக் கிடந்த செடியை அண்ணன்தான் எடுத்து ஓரமாக நட்டார். நட்டுவிட்டு, சேற்றுக் கையைத் துடைக்காமலே, "இப்ப எடு பாக்கலாம்" என்றார்.

முதல் திருப்பிலேயே கிளம்பியது. பந்தலில் ஒருவர், "காணை மண்ணுன்னா சும்மாவா!" என்றார். அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அக்காவின் பக்கம் வந்து, "பாத்துப் போம்மா. ஆடிக்கு வந்துடுங்க" என்றார்.  கிளியனூர் திரும்பும் வழியில் மாமா ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

மறுநாள் காலையில் வண்டியைக் கழுவினோம். அப்புறம் திண்டிவனம் மண்டிக்கு மூட்டை ஏற்றிப் போனோம். அக்கா வரவில்லை, வீட்டில் துவைக்கத் துணி நிறைய இருந்தது.