புத்தலப்பட்டில் அவளுக்குப் பால் கொடுத்த ஐந்து பேர்

கோவிந்தனை நம்பியிருக்கும் சொந்தங்களே, நான் ஐந்து மாதம் பெருமாளிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நகரியில் நாலு பவர்லூம் வைத்து ஓட்டுகிறவன் நான். எனக்கும் கலாவுக்கும் கல்யாணமாகிப் பத்து வருடம் குழந்தை இல்லை. சித்தூரில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து சட்டப்படி அலமேலுவைத் தத்தெடுத்தோம். அப்போது அவளுக்கு ஏழு மாதம். பெருமாள் கொடுத்த பிள்ளை என்று ஊருக்கும் சொன்னோம், அவளுக்கும் சொன்னோம். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினான்கு வருடம் ஓட்டிவிட்டேன்.

போன சித்திரையில் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ சர்டிபிகேட் வேண்டுமென்று பீரோவைக் குடைந்தவள், தத்துப் பத்திரத்தைப் படித்துவிட்டாள். பிறந்த இடம் புத்தலப்பட்டு அரசு ஆஸ்பத்திரி என்று அதில் இருந்தது. அவள் அழவில்லை. பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தறி ஓடும் இடத்துக்கே வந்தாள்.

"என்னை ஏன் உட்டுட்டுப் போனாங்க?"

தறிச் சத்தத்தில் காதில் விழாததுபோல நின்றேன். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கா அந்த நடிப்பு தெரியாது? ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த்தான் சாப்பிடுவாள். என்னை நைனா என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டாள். கலா அழுதாள். நான் பயந்தேன். பெற்றவள் என்று ஒருத்தி வந்து கையைப் பிடித்தால் என் பிள்ளை அவளோடு போய்விடுவாள் என்று பயம். தினமும் காலையில் தறி ஓட்டும் முன் பெருமாள் படத்தின் எதிரே நின்று, "அந்த ஊர்க்காரங்க யாரும் எங்க கண்ணுல படக் கூடாது சாமி" என்று வேண்டுவேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் வேண்டிக்கொண்டது அதைத்தான்.

எங்கள் பஜனை கோஷ்டி ஒவ்வொரு புரட்டாசியிலும் திருப்பதிக்கு நடந்துபோகிறவர்களுக்குப் பந்தல் போட்டு அன்னதானம் செய்யும். குடும்பம் குடும்பமாகப் போய் மூன்று நாள் தங்கி வேலை செய்வோம். எப்போதும் புத்தூர் ரோட்டில்தான். போன புரட்டாசியில், அங்கே பந்தல்கள் பெருகிவிட்டன, சித்தூர் ரோட்டில் புத்தலப்பட்டுப் பக்கம் போடலாம் என்று முடிவாகிவிட்டது. தறி வேலை கிடக்கிறது, நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அலமேலு பையில் துணி அடுக்கி முடித்திருந்தாள். ஆயிரத்தெட்டு ஊர் இருக்க இந்த ஊரா கிடைத்தது என்று பெருமாளிடம் சண்டை போட்டுக்கொண்டே வேனில் ஏறினேன்.

இரண்டாவது சனிக்கிழமை. கலா இலை போட, நான் சாம்பார் வாளியோடு நின்றேன். நடந்து வந்தவர்களின் கால் கொப்புளங்களுக்கு மருந்து போட, உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிடையரான நர்ஸ் ஒருவர் வந்திருந்தார். பெயர் ரமணம்மா. அவருக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அலமேலு சட்டென்று கேட்டுவிட்டாள்.

"நான் இந்த ஊர் ஆஸ்பத்திரிலதான் பொறந்தேனாம். என்னை உட்டுட்டுப் போய்ட்டாங்களாம். உங்களுக்கு எதுனா தெரியுமா?"

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். ரமணம்மா எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டார். பிறகு அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"அம்மாடி, உன்னைப் பெத்தவ ஏன் போனான்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டாம் நாள் காலையில பெட்டு காலி. ஆனா நீ ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கல. பாட்டில் வச்சா துப்பிடுவ. அப்போ வார்டுல பிள்ளை பெத்தவங்க அஞ்சு பேரு இருந்தாங்க. மாத்தி மாத்தித் தூக்கினு போய்ப் பால் குடுத்தாங்க, எட்டு நாளு. இல்லத்துலேந்து வந்து கேட்டப்போ, குடுக்க மாட்டேன்னு ஒருத்தி சண்டையே போட்டா."

அலமேலு கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "நான் ரொம்ப அழுதேனா?" என்றாள்.

"அழுதியாவா? நீ அழுத அழுகையில ஆஸ்பத்திரியே எழுந்து ஒக்காந்துக்கினு இருந்துச்சு!"

அவள் சிரித்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை சிரித்தாள்.

ரமணம்மா போன் செய்த ஒரு மணி நேரத்தில் அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் வந்தார்கள். முனிலட்சுமி கழனியிலிருந்து, கையில் மண்கூடக் காயாமல், தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அதே வாரத்தில் பிறந்த பெண். "இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் நீ. போட்டி போட்டுக்கினு குடிச்சீங்களே!" என்று அலமேலுவின் கன்னத்தைப் பிடித்தாள். இன்னொருத்தி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

மலைமேல் எத்தனை முறை மணிக்கணக்கில் வரிசையில் நின்று தரிசனம் செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த ரோட்டோரப் பந்தலில்தான் பெருமாள் எதிரே நிற்கிறார் என்று கைகூப்பினேன். நான் அவளை எடுத்து வளர்த்ததாகப் பெருமை பேசியவன். எனக்கு முன்னால் ஐந்து பேர் கேள்வி கேட்காமல் எடுத்து மடியில் போட்டிருக்கிறார்கள். யார் எங்கள் கண்ணில் படக் கூடாது என்று வேண்டினேனோ, அவர்களையே அவர் என் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"நைனா, இவங்க இன்னும் துன்னல. எல போடுங்க."

எனக்குக் கண் தெரியவில்லை. இலையைத் தலைகீழாகப் போட்டு, கலாவிடம் திட்டு வாங்கினேன்.

ராத்திரி அலமேலுவிடம் உண்மையைச் சொன்னேன். "தறிச் சத்தத்துல கேக்கலன்னு நடிச்சேம்மா. பயம்." "தெரியும்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சொந்தங்களே, உங்கள் பயத்தையும் பெருமாளிடம் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் என்னைப்போல, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவருக்கே பாடம் நடத்தாதீர்கள். அவரிடம் விட்டுவிடுங்கள்.

தீபாவளிக்கு என் தறியில் ஓட்டிய சேலைகளை எடுத்துக்கொண்டு மூவரும் புத்தலப்பட்டுக்குப் போனோம். நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். குடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டவளை மட்டும் இன்னும் காணவில்லை. பெயர் ராணி, புருஷனோடு பாகாலா பக்கம் வேலைக்குப் போனாள் என்று மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அலமேலுவும் பாகாலாவில் இறங்கி விசாரித்துக்கொண்டிருக்கிறோம். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். தேடும்போது பெற்றவளே எதிரில் வந்து நின்றால்? நிற்கட்டும். வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடுவேன்.