தூசி படியாத மூடி

என் அண்ணியிடம் ஒரு டிரில்லிங் மெஷினை வாடகைக்கு வாங்குவதைவிட ஒரு வீட்டில் பெண் எடுப்பது சுலபம். அங்கேயாவது மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதோடு விட்டுவிடுவார்கள். அண்ணி விடமாட்டார். எந்தச் சுவரில் துளை போடப் போகிறீர்கள், செங்கல்லா கான்கிரீட்டா, அதே சுவரில் ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா, இருந்தால் வயர் மேலே போகிறதா பக்கவாட்டில் போகிறதா என்று குடைந்து எடுத்துவிடுவார். ஒருநாள் ஒருவர் நூல் கையுறை மாட்டிக்கொண்டு பெருமையாக வந்து நின்றார்.

“இது எதுக்கு?” என்றார் அண்ணி.

“பாதுகாப்புக்குத்தான்.”

“சுத்துற பிட்ல ஒரு நூல் மாட்டுச்சுன்னா கையையும் சேர்த்துச் சுத்திடும். டிரில்லுக்கு வெறும் கைதான் பாதுகாப்பு. கழட்டிப் பையில வைங்க. கண்ணுக்குக் கண்ணாடி இருக்கா?”

இல்லை. அண்ணியே ஒன்றை எடுத்துக் கொடுத்து, அது அந்த மனிதரின் மூக்கில் ஒழுங்காக உட்காருகிறதா என்று பார்த்த பிறகுதான் மெஷின் கைமாறியது.

இவர் என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. கடைத்தெருவில் ‘ஏன் அக்கா’ என்றால்தான் ஆள் தெரியும். சின்ன வயதில் வீட்டு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு, காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடினாராம். திரும்ப மாட்டியபோது இரண்டு திருகு மிச்சம். ஃபேன் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. அந்த இரண்டு திருகும் எதற்கு இருந்தன என்பது அவருக்கு இன்றைக்கும் உறுத்தல். பிறகு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றும் கடையில் வேலை பார்த்து, அங்கிருந்து வெளியே வந்து, இந்த ஒற்றை ஷட்டர் கடையைத் திறந்தார். டிரில், மார்பிள் கட்டர், கை கிரைண்டர் எல்லாம் இரும்புத் தட்டுகளில் வயர் சுருட்டி உட்கார்ந்திருக்கும்.

வாடகைக்குப் போன மெஷின் திரும்பி வரும்போது அண்ணியைப் பார்க்க வேண்டும். முதலில் காற்றுப் போகும் துளையில் மூக்கை வைத்து, கருகிய வாடை அடிக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வயரை முழு நீளத்துக்கும் விரல்களுக்கு நடுவே விட்டு உருவுவார். பாதியில் கை நிற்கும்.

“இந்த இடத்துல கதவிடுக்குல மாட்டி நசுங்கியிருக்கே. எப்படி?”

இதில் கோபமே இருக்காது. பக்கத்து வீட்டுக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்பதுபோல ஆசையாகக் கேட்பார். எனக்கு வராத வித்தை இது. நான் கேட்டால் எதிரே இருப்பவருக்குச் சண்டையாகத்தான் கேட்கும். அண்ணி கேட்டால் எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரரும் நடந்ததைக் கக்கிவிடுவார். ஒரே ஒரு ஆள் மட்டும் அவரிடமும் புளுகுவார். அவரைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஜன்னல் கம்பியும் இரும்புக் கதவும் செய்கிற பட்டறை. வெல்டிங் வைத்த இடத்தில் மேடு தட்டும். அதைக் கை கிரைண்டர் வைத்துத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். போன வருஷம் அப்படித் தேய்க்கும்போது சுற்றுகிற வீல் உடைந்து, ஒரு சில்லு அவருடைய வலது கண்ணுக்குக் கீழே ஒரு விரல் தள்ளிக் கிழித்தது. ஒரு விரல்தான். தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தாலும், பெரிய சில்லு வந்தால் அதைத் தடுக்க வேண்டியது வீலைச் சுற்றிப் பாதிக்கு மூடியிருக்கிற இரும்புத் தகடு. பட்டறையில் அதற்கு கார்டு என்று பெயர், வீட்டில் நாங்கள் மூடி என்போம். அது அன்றைக்கு மெஷினில் இல்லை, ஒரு மூலையில் கிடந்தது. இன்னொரு தடவை அந்தக் கண்ணுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

அவருடைய மெஷின் கருகிப்போனதால் அக்காவிடமே ஒன்றை வாங்கிப்போக ஆரம்பித்தார். முதல் தடவை திருப்பிக் கொடுக்க வந்தபோது நானும் கடையில் இருந்தேன். அண்ணி மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன்டா, மெஷின் பூரா இரும்புத் தூசி. இந்த மூடி மட்டும் புதுசா இருக்கே?”

“தொடச்சேன்கா.”

“மெஷினை விட்டுட்டு மூடியை மட்டும் தொடச்சியா?”

“ஆமா.”

காதில் பூ சுற்றுகிறார். கழற்றி வைத்துவிட்டு வேலை பார்த்து, அக்கா கடைக்கு வரும்போது மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்குப் போனதும் நான் ஆட ஆரம்பித்தேன். கண்ணு போனா என்ன பண்ணுவீங்க, எனக்கு ஒரு பதில் சொல்லுங்க என்று வாய்க்கு வாய் கேட்டேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

அண்ணி சத்தம் போடவில்லை. மூடியை இறுக்கிப் பிடிக்கிற திருகில் ஒரு பசையைப் போட்டார். அது காய்ந்தால் திருகு அசையாது. “இனிமே எப்படிக் கழட்டுவான்னு பார்க்கலாம்” என்று சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அடுத்த தடவை மெஷினை வைத்துவிட்டு அவர் நிற்காமல் பட்டறைக்குப் போய்விட்டார். மூடி இருந்தது. தூசி மட்டும் அதில் இல்லை. திருகின் தலை உளியால் அடிபட்டுச் சிதைந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு, அப்போதே ஓடிப்போய் அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சிதைந்த திருகை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, ஏதோ புதையல் கிடைத்தவர் மாதிரி அதையே பார்த்தார்.

“உளி வச்சு அடிச்சிருக்கான். இவ்வளவு மல்லுக்கட்டிக் கழட்டுறான்னா திமிரு மட்டும் இருக்காதும்மா. திமிரு பிடிச்சவன் இவ்வளவு வேலை பார்க்க மாட்டான். வா, போய்ப் பார்க்கலாம்.”

ஷட்டரை இறக்கிவிட்டு, மெஷினையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பட்டறைக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அண்ணி ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“திட்ட வரலடா. பிளக்கைச் சொருகாம, மூடியோட ஒரு ஜன்னலைத் தேய்க்கிற மாதிரி செஞ்சு காட்டு. சும்மா நடிச்சுக் காட்டு, போதும்.”

அவர் அசடு வழிந்தபடி கரண்ட் இல்லாத மெஷினை எடுத்தார். சட்டத்தின் வெளிப்பக்கம் சுலபமாக ஓடியது. மூடி அவருக்கும் வீலுக்கும் நடுவில் அழகாக நின்றது. உள்மூலைக்கு வந்ததும் மூடி கம்பியில் இடித்தது. மெஷினைத் தலைகீழாகப் பிடித்தார். இப்போது மூடி அந்தப் பக்கம் போய்விட்டது. திறந்த பக்கம் அவர் முகத்தைப் பார்த்தது.

“நில்லு, நில்லு” என்று அண்ணி எழுந்தார். “இப்படிப் பிடிக்கும்போது மூடியையும் கொஞ்சம் திருப்பிவிடணும், இல்ல?”

“ஆமாக்கா. ஒரு ஜன்னல்ல பத்துத் தடவை திருப்பணும். ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ டிரைவர் தேடணும். அது ஒண்ணும் கையில நிக்காது. கழட்டிப் போட்டா நிம்மதி. சரி, இந்தத் தடவை மாட்டியே பண்ணுவோம்னுதான் ஆரம்பிச்சேன். நீ என்னத்தப் போட்டியோ, திருப்பவே முடியல. திருப்ப முடியாத மூடி முகத்துப் பக்கம் பொறியத் திருப்பி அடிக்குது. அதான் உளிய எடுத்தேன்.”

அண்ணி மெதுவாகத் திரும்பவும் வாளியில் உட்கார்ந்தார்.

“அப்ப, உன்னை உளி எடுக்க வச்சது நான்தான்” என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்ததும் அந்தப் பசைக்குத்தானே.

மறுநாள் அண்ணி உதிரிபாகக் கடையில் ஒற்றைக்காலில் நின்று, அந்த மெஷினுக்கென்றே வருகிற வேறு மாதிரி மூடி ஒன்றை வாங்கிவந்தார். திருகு இல்லை, சின்னக் கைப்பிடியை நெம்பினால் மூடி வேண்டிய பக்கம் திரும்பும், விட்டால் பிடித்துக்கொள்ளும். “திருப்புறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடு” என்று மட்டும் சொன்னார். உள்மூலையில் எதுவுமே நுழையாத இடத்துக்கு அரத்தை வைத்துக் கையால் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். அடுத்து வந்தபோது அந்த மூடியின் உள்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது. அண்ணி அதில் விரலைத் தேய்த்து, கறுத்த விரலை என்னிடம் காட்டினார். எனக்குப் பெரிய நிம்மதி.

அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறை வாசலில் கால் வைத்தேன். டப்பென்று ஒரு சத்தம். பொறி நின்றது. அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். நான் டிபன் கேரியரைப் போட்டுவிட்டு ஓடினேன். வீல் இருந்த இடத்தில் பாதி வீல்கூட இல்லை. மூடியில் உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டு ஒரு புடைப்பு, கட்டைவிரல் அளவு. அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணும் இருந்தன. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு இருவரும் அண்ணி கடைக்குப் போனோம். அண்ணி முதலில் மெஷினைப் பார்க்கவே இல்லை. தம்பியின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பழைய தழும்பு மட்டும்தான். அதைத் தடவிவிட்டு, மூடியைக் கையில் எடுத்து, புடைப்பில் விரலை வைத்தார்.

“எப்படிடா உடைஞ்சது?” என்றார். கேட்டது அதே பழைய அண்ணிதான்.

நான் காத்திருந்தேன். வீல் மட்டம், கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று ஏதாவது வரும், வந்ததும் பிடித்துக்கொள்ளலாம் என்று நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன்.

“வெட்டுற வீல்கா அது. கம்பி வெட்டிட்டு இருந்தேன். அதை மாத்தாம, அது பக்கத்தாலயே வெல்டிங்கத் தேய்ச்சேன். மெல்லிசு வீல், பக்கவாட்டுல அழுத்தினா தாங்காதுன்னு எனக்குத் தெரியும்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் கேள்விக்கே அவர் சொன்ன முழு உண்மை இதுதான். தெரிந்தே செய்தாராம். தலைக்கு ஏறிய சூட்டில் எழுந்தே விட்டேன். கண்ணு போனா என்ன பண்ணுவீங்க என்பது தொண்டை வரை வந்தது. அவர் தலையைக் குனிந்து அதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“தெரிஞ்சும் ஏங்க மாத்தல?” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“வீலை மாத்தணும்னா பிளக்கைப் பிடுங்கணும். அது பட்டறையோட அந்தக் கோடியில, கம்பிக் குவியலுக்குப் பின்னாடி இருக்கு. ஒவ்வொரு தடவையும் தாண்டிக் குதிச்சுப் போகணும். சோம்பேறித்தனம்தான்.”

அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, ஆணியில் தொங்கிய நீள வயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் ஒன்றை எடுத்து, கண்ணை மூடி வயரை விரல்களுக்கு நடுவே உருவிப் பார்க்க ஆரம்பித்தார். நான் ஷட்டரை இறக்கும் கொக்கியைத் தேடி எடுத்தேன். என் வீட்டுக்காரரின் கண்களை அருகிலிருந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். மூன்று பேருமாகப் பட்டறைக்குக் கிளம்பினோம்.