ஹோப் என்றால், விஷ் என்றால்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வரும் தபாலட்டைகளை, அவை யாருக்கு வந்தனவோ அவர்கள்தான் கடைசியாகப் படிப்பார்கள். தோட்டத்து ஆபீசிலிருந்து தபால் கொண்டுவருபவர் வழியிலேயே படித்துவிட்டு, வாசலுக்கு வருமுன் உரக்கச் சேதி சொல்லிவிடுவார். பிரித்துப் படித்தார் என்று குறை சொல்லவும் முடியாது, அட்டைதானே. அதனால்தான் இந்தியாவிலிருந்து எழுதும் எங்கள் மாமா மகன், தமிழில் எல்லோருடைய சுகத்தையும் விசாரித்துவிட்டு, அடியில் ஒரே ஒரு வரியை இங்கிலீஷில் எழுதுவார். அந்த வரி என் அக்காவுக்கு.

மச்சான் ஹட்டனில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அக்காவுக்கு அவர்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். இந்தியாவுக்கே ஊரோடு போய்விட்ட மாமா அங்கே படுத்த படுக்கையானதும், மச்சான் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று கப்பலேறினார். இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாதவர் திரும்பி வர விசா வேண்டும் என்றார்கள். இரண்டு வருடமாகியும் அது கிடைக்கவில்லை.

அக்கா பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. லயத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே பண்டிதை, ஐந்தாம் வகுப்பில் படித்த நான்தான். மாதா மாதம் அந்த வரியை அவள் காதோடு வாசிப்பேன். 'ஐ ஹோப் டு கம்' என்றிருக்கும். வர ஆசைப்படுகிறார் என்பேன். கொழுந்துக் கறை படிந்த விரலால் அந்த வரியை ஒருமுறை தடவிவிட்டு, அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகுவாள். அடுத்த அட்டை வரும்வரை அவள் அந்த ஒரு வரியில்தான் உயிரோடிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் புரட்டாசியில் வட்டவளையிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு ஆள் வந்தது. தீபாவளி வரைதான் பொறுப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதே வாரம் வந்த அட்டையில் ஹோப்பைக் காணோம். 'ஐ விஷ் ஐ குட் கம்' என்றிருந்தது.

"என்னாடி, வேற மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா. எழுத்துத் தெரியாவிட்டால் கண்ணுமா தெரியாது?

"ரெண்டும் ஒன்னுதான்க்கா. ஆசைன்னு அர்த்தம்." தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எதுக்கும் நாளைக்கு வாத்தியாரைக் கேட்டுட்டு வா."

வாத்தியார் இரண்டையும் கரும்பலகையில் எழுதி விளக்கினார். நாளைக்கு மழை விடும் என்று எதிர்பார்த்தால் ஹோப். நமக்கு ரெக்கை இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஏங்கினால் விஷ். முன்னது நடக்கக்கூடியது, பின்னது நடக்காதது. மறந்துவிடக் கூடாதென்று மலைப்பாதை முழுக்க ஓடிவந்து, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் ஒப்பித்தேன். ரெக்கையையும் விடவில்லை.

"அந்த ரெண்டாவத இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். ரொட்டி கருகிப்போனது. எனக்குக் கோபம் வந்தது, நல்ல பசி.

தீபாவளிக்கு நாள் இருந்தும், மறுநாள் காலையில் அக்கா அம்மாவிடம், "வட்டவளைக்காரங்கள வரச் சொல்லுங்க" என்றாள். எனக்குப் புதுப் பாவாடை நிச்சயம் என்று குதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். படுக்கையில் கிடக்கும் அண்ணனுக்குக் கல்யாணச் சேதியை எப்படிச் சொல்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எல்லோரும் சுகம் என்று மட்டும் எழுதச் சொன்னாள். முடிக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அடியில நானும் ஒரு வரி. நீங்க வரணும்னு. அவரு எழுதுன மாதிரியே விஷ் போட்டு எழுது."

"விஷ்னா நடக்காததுக்குக்கா. ஹோப்தான் போடணும்."

"எனக்குத் தெரியும்டி. சொன்னத எழுது."

பென்சிலால் எழுதிக் காட்டினேன். உற்றுப் பார்த்துத் தலையாட்டினாள். பாவம், படிக்காதவள், ஒருமுறை சொன்னால் ஏறாது என்று நினைத்துக்கொண்டேன். மச்சான் பார்த்துச் சிரித்தால், எழுதியவள் நானல்லவா? காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்த வரியை அழித்து, 'ஐ ஹோப் யூ வில் கம்' என்று திருத்தித் தபாலில் போட்டேன்.

அடுத்த அட்டை வந்தபோது அக்கா வட்டவளையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அடியில் மச்சான் 'ஐ ஹோப்' என்று, முன்னெப்போதையும்விட அழுத்தி எழுதியிருந்தார். என் இங்கிலீஷைப் பார்த்துத் தம்முடைய பிழையைத் திருத்திக்கொண்டார் என்று எனக்கு அன்று முழுவதும் பெருமையாக இருந்தது.