மழை மாசத்து வெண்டை

போன வாரம் எங்கள் வீட்டில் இரண்டு பாத்தி வெண்டையும் பயத்தங்காயும் ஒரேயடியாகச் செத்துப்போயின. செடிதானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்த்தேன்...

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்து வீட்டை நிர்வாகம் காலி செய்யச் சொன்னதால், நாங்கள் கோப்பெங் ஊருக்கு வந்தது இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று – வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. இருபத்தாறு வருடம் தோட்டத்தில் புல்லைச் சாகடிக்கும் மருந்து அடித்த மனிதர். நாள் முழுக்கப் பின்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார். அவ்வளவுதான்.

அவரை எழுப்பியது பக்கத்து வீட்டு பரமேஸ். நான் வீட்டுப் பின்னால் கொத்திக்கொண்டிருந்தேன். பழைய ஈயச் சுரங்கத்து மணல், வெள்ளை வெளேரென்று.

"இப்பவா நடுறீங்க, அக்கா? மழ மாசம் வந்துருச்சுலா. வேரெல்லாம் அழுகிரும்."

"அழுகுதான்னு பாக்கலாம்!" என்று பின்னாலிருந்து குரல். எழுந்து வந்து என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினார். "தள்ளு. கோழி கிளறுற மாதிரி கொத்துறா."

இரண்டே நாளில் மூட்டை மண் வந்தது. கோழியெரு வந்தது. தண்ணீர் தேங்காதபடி பாத்தியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினார். வெண்டை நாலு இலை விட்ட அன்று மனிதர் விசிலடித்தார்! கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத விசில்.

பிறகு சுங்காயில் ஒரு சாவு. கூட வேலை செய்தவர். இவர் இரண்டு நாள் போய்விட்டார். அந்த இரண்டு நாளும் பார்த்து மழை ஏமாற்றியது. வெயில் கொளுத்தியது. ரப்பர் குழாய் பின்னால் வரை எட்டவில்லை. வாளி தூக்க என் முட்டி விடவில்லை. வெளிச்சுவரில் அவருடைய மருந்துப் பம்பு தொங்கியது – முதுகில் மாட்டிக்கொள்வது. தூக்கிப் போட மனசில்லாமல் அவர் கொண்டுவந்த ஒரே தோட்டச் சாமான்.

மூன்று தடவை கழுவினேன். தண்ணீர் நிரப்பி ஒரு செடி விடாமல் அடித்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு வேறு.

மருந்து அடிப்பவர்கள் குளிக்காமல் பிள்ளையைத் தொடமாட்டார்கள். என் மகள் சின்னப் பிள்ளையில் அழுதபடி ஓடி வந்தாலும், இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குளியலறைக்குத்தான் போவார். அத்தனை வருடம் அதைப் பார்த்தவள் நான். என் புத்தி எங்கே போனது?

அவர் திரும்பியபோது இலைகள் சுருண்டு கிடந்தன. குனிந்து ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"இது மழையுமில்ல வெயிலுமில்ல. மருந்து." பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "பம்ப நான் தொடவே இல்லையே... இத்தன வருசம் அடிச்சது, கையிலயே ஊறிப்போச்சு போல இருக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாம். "நான்தான்" – ஒரே வார்த்தை. குழம்பில் உப்பு கூடினால் அரை மணி நேரம் வழக்காடும் வாய், அன்றைக்குத் திறக்கவில்லை. வெட்கம். பயம். அந்த விசிலைக் கொன்றவள் நான்தான் என்று எப்படிச் சொல்வது?

அவர் மறுபடி நாற்காலிக்குப் போய்விட்டார். இன்றைக்கும் நாளைக்கும் சொல்லிவிடலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதில் நாமெல்லாம் ஒரே சாதி, இல்லையா?

அப்புறம்தான் அந்த அடி விழுந்தது. எங்கள் பேத்திக்கு நாற்பது நாள் ஆகிவிட்டது. முதல்முறையாக மகள் அவளை இங்கே தூக்கி வருகிறாள். இவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிள்ளைய என் கையில குடுக்காத. நான் தள்ளி நின்னே பாத்துக்கிறேன்."

குளித்துவிட்டு வந்தாலும் தூக்கமாட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் இந்தப் பக்கத்தை முதலில் படிப்பவர் அவர்தான். எழுத்துப் பிழை கண்டுபிடிக்க. இன்று மத்தியானம் மகள் வந்து இறங்குவாள். வாய்க்கு வராதது எனக்குக் கைக்காவது வருகிறது. அதனால் வாசகர்களே, மன்னியுங்கள் – இன்றைய கடைசி வரி உங்களுக்கு இல்லை.

ஏங்க... பம்புல தண்ணி ஊத்துனது நான். பிள்ளையத் தூக்குங்க.