கொன்வேர்ட்டர் மாற்ற வந்தவர்

புலம்பெயர்ந்த நாட்டில் எங்கள் வீட்டின் பின்வளவில் நின்ற பழைய கரவன் வண்டியில், அந்தச் சில்லு வைத்த சிறு வீட்டில், விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் கொன்வேர்ட்டருக்குக் கிழடு தட்டியிருந்தது. புதியது பூட்ட வந்தவர் மெலிந்த, நரைத்த யாழ்ப்பாணத்து எலெக்ட்ரீசியன். எதைத் தொடும் முன்னும் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்.

வேலை முடிந்ததும் விளக்கைப் போட்டார். "இனி லைற் மங்காது. ஹொலிடே போறியளோ?"

"இல்லை அண்ணை. அப்பா ஊரிலயிருந்து வாறார். அவர் இதுக்குள்ள இருக்கத்தான்."

ஜன்னல் வழியே எங்கள் மாடிவீட்டைப் பார்த்தார்.

"உள்ளுக்கு எத்தனை அறை, தம்பி?"

"அஞ்சு."

புதுப் பெட்டியில் புறங்கையை வைத்தார். "சில்லெண்டு கிடக்கு" என்றார். நான் நீட்டிய தேத்தண்ணியை வாங்காமலே போய்விட்டார்.

அப்பா இரண்டு குளிர்காலம்தான் அந்தக் கரவனில் உயிரோடு இருந்தார். விளக்கு ஒருநாளும் மங்கவில்லை.