கட்டாய மௌனம், பத்து நிமிடம்

வாத்தியார் வேலைக்குப் படிப்பைவிடத் தொண்டைதான் முக்கியம் என்பது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறாம் வகுப்புக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை, அந்த நேரத்தில் தினமும் பத்து நிமிடம் பிள்ளைகள் கண்ணை மூடி அமைதியாக உட்கார வேண்டும், இது கட்டாயம் என்று உத்தரவு போட்டார். ஆறாம் வகுப்பு என் பொறுப்பு.

முதல் நாள்

அன்று பாதிப் பேர் ஒரு கண்ணைத் திறந்து, யார் கண்ணைத் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருமல் ஒரு மூலையில் கிளம்பி வகுப்பையே சுற்றி வந்தது. கடைசி பெஞ்சு முருகேசன் மட்டும் அசையவே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். மணி அடித்ததும் எல்லார் முன்னாலும் அவனை எழுப்பி, மனசுக்குள் என்ன ஓடியது என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஓடல டீச்சர், இது எப்ப முடியும்னு மட்டுந்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

டைரியில் எழுதியது

கௌசல்யா தினமும் தூங்கிவிடுவாள். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் அவள் டைரியில், ‘அமைதி நேரத்தில் தூங்குகிறாள், பெற்றோர் வந்து பார்க்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதினேன். மறுநாள் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் பூவை இறக்கிவிட்டு அவள் அப்பா நேராகப் பள்ளிக்கு வந்தார். வராண்டாவில் மல்லிகை வாசனை அடித்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எழுதியதை எண்ணி எனக்குக் கூச்சமாகிவிட்டது.

“அம்மாவுக்கு முதுகுவலின்னு, வேணாம்னாலும் கேக்காம புள்ள விடியுமுன்ன பூப்பறிக்க வந்துருது டீச்சர், அந்தப் பத்து நிமிசம் மட்டும் செத்த தூங்கிக்கிரட்டும்.”

ஜெனிபர்

ஜெனிபரின் அப்பா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பாட்டு, சண்டை, பேச்சு என்று எப்போதும் எதிலாவது இருப்பாள். மௌனம் தொடங்கினால் மட்டும் தேம்புவாள். வெளியே கூட்டிப் போய்க் கேட்டேன். “கண்ண மூடுனா அப்பா வந்துர்றாரு டீச்சர்” என்றாள். அன்றிலிருந்து அந்த நேரத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அவளை அனுப்பினேன். இரண்டே நாளில் தலைமையாசிரியை பார்த்துவிட்டார். கட்டாயம் என்றால் எல்லாருக்கும்தானே என்று என்னைக் கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் வழியாக வெகுநேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். குவளை குவளையாக, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்று மாலை உத்தரவைத் திருத்தினார்.

“கண்ண மூடணும்னு கட்டாயமில்ல டீச்சர், அடுத்தவங்களத் தொந்தரவு பண்ணக்கூடாதுங்கறது மட்டுந்தான் கட்டாயம்.”

கணக்கு சார்

எங்கள் கணக்கு சாருக்கு இந்தத் திட்டமே பிடிக்காது. பத்து நிமிடத்தில் இரண்டு கணக்குப் போட்டுவிடலாமே என்று புலம்புவார். நான் காய்ச்சலில் விழுந்த மூன்று நாளும் என் வகுப்பின் மௌன நேரம் அவர் தலையில் விழுந்தது. திரும்பி வந்தபோது முகம் தெளிந்து, ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் படுத்தினார்களா என்று விசாரித்தேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர், ஒடம்ப நல்லாப் பாத்துக்கங்க, வேணும்னா இன்னும் ரெண்டு நாள் லீவு போடுங்க.”

பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வேண்டுமா என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் சொல்வது, முதலில் வாத்தியார்களுக்குக் கட்டாயமாக்குங்கள், பிள்ளைகள் அவரவர் வழியில் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான்.