நட்சத்திரக்கா அடித்த அறிவிப்பு

அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். நட்சத்திரக்கா என்று கேட்டால் கைக்குழந்தைகூட அச்சுக்கடைப் பக்கம் கையை நீட்டும்.

கடையில் அவளுக்கு எழுத்து அடிக்கிற வேலை. தடித்த எழுத்தில் வர வேண்டிய சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் நட்சத்திரக் குறி போடுவாள். தலைப்பு என்றால் வரியின் தொடக்கத்தில் வேலி மாதிரி ஒரு குறி. பட்டியல் என்றால் ஒரு சின்னக் கோடு. அதற்கு மேல் அலங்காரம் கிடையாது, பார்க்க வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். அடித்து முடித்து ஒரு பொத்தானைத் தட்டினால், கணினிக்குள் இருக்கிற மாற்றி என்கிற நிரல் அந்த ஒன்றையே நான்காக ஆக்கித் தந்துவிடும். சுவரில் ஒட்ட அச்சுத்தாள், இணையத்தில் போட ஒரு பக்கம், கைபேசியில் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொள்ள ஒரு சின்னப் பக்கம், அலுவலகக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள்ள ஒரு கோப்பு.

கடை முதலாளி அவளைவிட இளையவர். அவள் அவரைத் தம்பி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். பெயர் வைத்ததும் அவர்தான். "வானத்துல ஒண்ணு பாக்கி வைக்காம எல்லாத்தையும் இறக்கிட்டீங்களே அக்கா" என்று ஒருநாள் திரையைப் பார்த்துச் சொன்னார். அதோடு ஒட்டிக்கொண்டது.

வேலையில் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மாற்றி கொடுத்த நான்கையும் தனித்தனியாகத் திறந்து, தலையிலிருந்து கால் வரை படித்துப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவாள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினால், "நாலு பிள்ளை பெத்தா நாலு மூஞ்சியையும் பாக்கணும்ல" என்பாள். கடைக்கு நல்ல பெயர் வந்ததற்கு அந்த வழக்கமும் ஒரு காரணம். அதைத் தனக்குக் கடவுள் கொடுத்த பொறுமை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். காலையில் கணினியைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, தன் கையால் யாருக்கும் பிழை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வாள்.

வீட்டில் அவளும் கணவரும் அவளுடைய அண்ணனும். பிள்ளைகள் இல்லை. அண்ணன் காலமெல்லாம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். மனைவி போன பிறகு தங்கை வீட்டோடு வந்துவிட்டார். கொஞ்ச நாளாக நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. தங்கையின் முகம் தெரியும், சாப்பிட்டோமா இல்லையா என்பது தெரியாது. ஆனால் தொழில் மட்டும் போகவில்லை.

"உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் கெடக்கு" என்று அடுப்பங்கரை வாசலில் நின்று சொல்வார்.

"மச்சான், இது சமையல்கட்டு" என்பார் கணவர்.

"அதனாலதான் சொல்றேன் மாப்ளே. படியில நிக்காதீங்க. விழுந்தா யாரு பதில் சொல்றது?"

கணவர் உள்ளே இரண்டடி தள்ளி நிற்பார். அப்போதுதான் அண்ணனுக்கு நிம்மதி. இதைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒருநாள் காலை அவள் கடைக்குக் கிளம்பிவிட்டாள். கணவர் குளிக்கப் போனார். ஈரத்தலையோடு வெளியே வந்து பார்த்தால் வாசல் கதவு திறந்து கிடந்தது, மச்சானைக் காணோம்.

சேதி கேட்டு அவளும் கடையிலிருந்து ஓடிவர, இருவரும் தெருத்தெருவாகத் தேடினார்கள். பேருந்து நிலையத்தில் விசாரித்தபோது ஒரு துப்புக் கிடைத்தது. ஒரு கிழவர் ஏதோ வண்டியில் ஏறி, கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டே போனாராம். எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் அவரிடம் சீட்டுக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எப்படிக் கேட்பார்கள்? நிற்கிற நிலையும் குரலும் சொந்த வண்டி மாதிரி இருந்திருக்கும். ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி, அப்படியே ஊர் ஊராகப் போகக்கூடிய மனிதர் அவர்.

காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள். "வயசானவங்கதானே, தானா வந்துருவாரும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று பிற்பகல் கடையில் உட்கார்ந்து அவளே அறிவிப்பை அடித்தாள். எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்த வார்த்தைதான் அது. தலைப்புக்கு வேலி போட்டு, 'காணவில்லை' என்று அடித்தாள். கீழே அண்ணனின் வயது, நிறம், இடது புருவத்தில் இருக்கும் தழும்பு. நினைவு தவறியவர் என்பதற்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம். கடைசியில் தன்னுடைய கைபேசி எண், அதற்கு அடுத்த வரியில் கணவருடைய எண்.

பிசகு நடந்தது அங்கேதான்.

மாற்றிக்கு ஒரு குணம் உண்டு. அடிக்கும்போது அடுத்த வரிக்குப் போனால் மட்டும் அது புதிய வரி என்று எடுத்துக்கொள்ளாது, இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக்கிவிடும். வரி வரியாகவே நிற்க வேண்டுமானால், முதல் வரியின் கடைசியில் இடைவெளிப் பொத்தானை இரண்டு தரம் தட்டி இரண்டு வெற்றிடம் விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம். அச்சுத்தாளுக்கு மட்டும், வரியை அடித்தபடியே விடச் சொல்லி முதலாளி முன்பே ஏற்பாடு செய்திருந்தார். மற்ற மூன்றுக்கும் அந்த ஏற்பாடு இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லக்கூடியவள், அன்று அந்த இரண்டு வெற்றிடத்தை விடவில்லை.

விடாமல் போனாலும், வழக்கம்போல் நான்கையும் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அச்சுத்தாளைத் திறந்தாள். அண்ணனின் புகைப்படம் திரை முழுக்க வந்து நின்றது. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, யாரோ இறங்குவதற்காகக் காத்திருக்கிற பார்வை. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரியாக இருந்தன. அடுத்ததைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. அந்த முகத்தை இன்னும் மூன்று தரம் பார்க்க நெஞ்சில் தெம்பு இல்லை.

"அனுப்பிரட்டுமா அக்கா?" என்றார் முதலாளி.

"அனுப்பிருங்க தம்பி."

அச்சுத்தாள் உள்ளூர்ச் சுவர்களோடு நின்றுவிட்டது. கைபேசிப் பக்கம் நெருப்பாய்ப் பரவியது. ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், முகம் தெரியாத எத்தனையோ பேர் இரக்கப்பட்டு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். அதில் இரண்டு எண்ணும் ஒரே வரியாகச் சேர்ந்து, தொட்டால் அழைக்கிற ஒரே நீள எண்ணாக நின்றது. தொட்டவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு எண்ணே இல்லை என்று பதில் வந்தது. இலக்கங்களை எண்ணிப் பார்க்கத் தோன்றாமல், தொட்டவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள்.

இது தெரியாமல் அவள் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். குளிக்கப் போனால் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். "இவ்வளவு பேர் பாத்தும் ஒருத்தர்கூடவா கூப்பிடலை?" என்று அவரிடம் கேட்பாள். அவர் தன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உலகமே கல்லாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் உலகத்தைச் சபிக்கவில்லை. கண்ணை மூடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஆண்டவனே, அவருக்குப் பசிக்கிற நேரத்துல யார் கையிலாவது ஒரு வாய் சோறு வை."

வாரங்கள் போன பிறகு ஒரு மத்தியானம் கைபேசி அடித்தது. ஒரு பெண் குரல்.

"அம்மா, இங்க உங்க ஊர் ஆஸ்பத்திரிச் சுவத்துல ஒரு நோட்டீஸ் பாத்தேன். புருவத்துல தழும்பு இருக்கிற பெரியவர். அவர் கெடைச்சிட்டாரா?"

"இல்லையே, நீங்க பாத்தீங்களா? எங்க பாத்தீங்க?"

"இங்கேயே வாங்க, நேர்ல சொல்றேன்."

அவளும் கணவரும் ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த அந்த அம்மாள், வெகுதூரத்து ஊரொன்றில் பேருந்து நிலையத்தைத் துப்புரவு செய்கிறவள். தன்னுடைய அக்காள் மகளை இங்கே பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறாள்.

"எங்க நிலையத்துலதாம்மா ரெண்டு மூணு நாள் இருந்தார். நான் கொண்டு வர்ற சாப்பாட்டுல பாதியைக் குடுப்பேன். சாப்பிட்டுட்டு, 'எல்லாரும் ஏறியாச்சா?'ன்னு கேப்பார். நான் கூட்டுற வரைக்கும் சனத்தை ஒரு பக்கமா தள்ளி நிறுத்துவார். எனக்கே வேலை பாதியாக் கொறைஞ்சுபோச்சு போங்க."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கணவர்தான் கேட்டார். "எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதாம்மா?"

அந்த அம்மாளின் முகம் மாறியது. "போடாம இருப்பேனா? எங்க டிரைவர் ஒருத்தர் போன்ல உங்க நோட்டீஸ் வந்துச்சு. இவரேதான்னு நம்பரை அமுக்கினோம். அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு சொல்லிருச்சு. மறுநாளும் போட்டுப் பாத்தோம்." கொஞ்சம் தயங்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. வேணும்னே தப்பு நம்பர் குடுத்துட்டுத் தலைமுழுகுற குடும்பமும் இருக்கில்ல? இவரும் அப்படித்தான் வேண்டாம்னு விட்ட மனுசன்னு நெனைச்சிட்டோம்."

தன் கைபேசியில் இருந்த பக்கத்தை அக்கா அப்போதுதான் முதன்முதலாகக் கடைசி வரி வரை இறக்கிப் பார்த்தாள். நீளமாக ஒரே வரி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அப்புறம் எங்க போனார்?" என்று கணவர் கேட்டது அவளுக்கு எங்கோ தூரத்தில் கேட்டது.

"மலைப் பக்கம் போற வண்டியில ஏறிட்டார். படியில நின்னு எனக்குக் கை காட்டினார். போய்ட்டு வாங்கன்னுதான் நானும் சொன்னேன்."

அன்றே புறப்பட்டுப் போனார்கள். அந்த ஊர் நிலையம், அங்கிருந்து மலையடிவாரம், வண்டி திரும்புகிற கடைசி ஊர். ஓட்டுநர் ஒருவருக்கு ஞாபகம் இருந்தது. "சனத்தை நல்லா உள்ள தள்ளிவிட்டார்மா. கடைசி நிறுத்தத்துல இறங்கி, எதிர்ல நின்ன வேற வண்டியில ஏறினார்." அந்த வேறு வண்டி மூன்று சாலைகள் பிரிகிற இடத்துக்குப் போகும். அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தான் கேட்டது நடந்துதான் இருந்தது என்பது திரும்பி வருகிற வழியில் அவள் நினைவுக்கு வந்தது. ஒரு வாய் சோறு கேட்டாள், யாரோ ஒருத்தி தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்திருக்கிறாள். ஆண்டவன் தன் பங்கைக் குறைவில்லாமல் செய்துவிட்டான். மீதியை, அவள் கையால் நடக்க வேண்டியதை, அவள்தான் செய்யவில்லை.

கடையில் முதலாளி ஆறுதலாகச் சொன்னார். "அந்த மாத்தியோட புத்தி அப்படி அக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அது மேல பழி போடாதீங்க தம்பி. அதுக்கு என்ன சொன்னேனோ அதைத்தான் செஞ்சுது."

அறிவிப்பைத் திருத்தினாள். இரண்டு வெற்றிடம் விட்டாள். நான்கையும் திறந்து, நான்கு தரமும் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். புதியது வெளியே போனது. ஆனால் அது பழையது போன தூரம் போகவில்லை. அதே படம், அதே தலைப்பு. கைபேசியில் வாங்கினவர்கள், "இதைத்தான் ஏற்கெனவே அனுப்பியாச்சே" என்று நிறுத்திக்கொண்டார்கள். தவறான எண்ணோடு இருந்த பழைய பக்கம் மட்டும் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டே இருந்தது. அதைத் திருப்பி அழைக்க எந்தப் பொத்தானும் இல்லை.

சில சமயம் சுற்றிச் சுற்றி அவளுடைய கைபேசிக்கே அது வந்து சேரும். தெரிந்தவர் யாராவது, இவள் யார் என்பதை மறந்து, இரக்கப்பட்டு அனுப்பியிருப்பார்கள். அவள் கோபப்பட மாட்டாள். இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அனுப்பியவரைப் பிடித்து, அவருக்கு அனுப்பியவரையும் தேடிப் பிடிப்பாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, எண் தவறு, சரியான எண்கள் இவை என்று எழுதுவாள். பலர் பதில் போடுவதில்லை. சிலர் யார் நீ என்று அதட்டுவார்கள்.

போன வாரம் ஒருவர் அழைத்தே பேசினார். எந்த ஊரோ, நல்ல குரல்.

"நம்பர் தப்புன்னு எழுதியிருந்தீங்க. அப்ப பெரியவர் கெடைச்சிட்டாரா அம்மா?"

"இல்லைங்க" என்றாள். "நம்பரைத்தான் மாத்தினேன்."